ரிசீவரை யாரும் எடுக்காதீங்க

நாற்பத்தாறு போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. மணி என்று சொல்ல முடியாது. டிங் என்று மூன்று முறை. அதன் பிறகு, யாரும் தொடாமலே, மூன்று மாடிகளிலும் எல்லா மேஜைகளிலும் போன்கள் பேசத் தொடங்கின.

“கவனிக்கவும். கவனிக்கவும். இது ஓர் அவசர அறிவிப்பு. கட்டடத்தில் உள்ள அனைவரும்...”

பெண் குரல். எந்த ஊர் என்று சொல்ல முடியாத குரல்.

நாற்பத்தாறு கைகள் நீண்டு ரிசீவர்களை எடுத்தன. போன் ஒலித்தால் எடுப்பது அந்த அலுவலகத்தில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. புதுப் போனில் ரிசீவரை எடுத்தால் ஸ்பீக்கர் அணைந்துவிடும். திரும்ப வைத்தால் அறிவிப்பே அறுந்துவிடும். இது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது மாடியில், சேலைக்கான டிசைன் வரையும் பிரிவில், கோதண்டபாணி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

“ஹலோ. யாரும்மா? எங்கேர்ந்து பேசறீங்க?”

குரல் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

“இரும்மா. நான் கேக்கறேன் இல்ல? ஆபரேட்டர் கீழ இருக்குது. ஒம்பது போடு.”

மரியாதையாக வைத்தார். வரைந்துகொண்டிருந்த அன்னத்தின் கழுத்துக்குத் திரும்பினார். பிறகு மனம் கேட்காமல் அவரே ஒன்பது போட்டார்.

தரைத்தளத்தில் ஆபரேட்டர் எஸ்தரின் போர்டில் அதற்குள் இருபது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

“எஸ்தரம்மா, யாரோ ஒரு பொண்ணு பேசுதே, யாரு அது?”

“அது என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க சார்.”

“அது என்ன சொல்லுது?”

எஸ்தர் அடுத்த அழைப்பை எடுத்தார். சொல்லக்கூடாது என்று மானேஜர் குமரகுரு காலையிலேயே வந்து சொல்லியிருந்தார். “இன்னிக்கு நீங்க வாயே தொறக்கக் கூடாது. அது தானா நடக்குதான்னுதான் பாக்கறாங்க.”

தானாக நடக்கவில்லை. கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில், ‘இங்கே கூடவும்’ என்ற பச்சைப் பலகையின் கீழ் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் பாண்டியன் கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். பதினாலு நிமிடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் டீ குடிக்க வந்தவர்கள்.

“மொத்தம் எழுபத்து நாலு பேர்னு குடுத்திருக்கீங்க” என்றார் பாண்டியன்.

“ஆமா சார்” என்றார் குமரகுரு.

“நாலு நிமிஷத்துல எழுபத்து நாலு பேரும் வெளியில இருக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வரேன். அன்னிக்கும் இப்படின்னா நான் கையெழுத்துப் போட முடியாது.”

கட்டடத்தின் தரைத்தளத்தில் பாதி, பட்டுச் சேலை அடுக்கிய கிடங்கு. போன தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டாவது மாடியில் பேட்டரி அறையில் புகை வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த அறையில் இருந்தவர்களுக்குப் புகை வந்ததே இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் போன்கள் வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா மேஜைக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். திரையில் எழுத்தும் ஓடும். வெளியிலிருந்து வரும் அழைப்புகள் ஆபரேட்டர் இல்லாமல் நேராகப் பிரிவுக்குப் போகும்.

ஆபரேட்டர் இல்லாமல் என்பதைக் குமரகுரு எஸ்தரிடம் சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

“ஒண்ணாந் தேதிலேர்ந்து நீங்க வாலாஜாபாத் கொடோனுக்குப் போயிடுங்க எஸ்தரம்மா.”

“அங்க இன்னா வேலை சார்?”

“மூட்டை வர்றது போறது எழுதணும்.”

“போன்?”

“என் செல் நம்பர்தான் உங்ககிட்ட இருக்குதே.”

மாற்றல் கடிதம் டைப் ஆகிக் குமரகுருவின் மேஜையில் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வாலாஜாபாத் தூரம் இல்லை. வீடு இருக்கிற செவிலிமேட்டிலிருந்து இரண்டு பஸ். ஆனால் அந்தக் கொடோனில் பகல் முழுவதும் பேச ஆள் கிடையாது. எஸ்தருக்குத் தெரிந்த வேலை பேசுவது.

எஸ்தர் பிறந்தது மாகறல் பக்கம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் வேலை செய்தார்கள். மிஷன் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கடைசி வரிசையில் காது மந்தமான ஒருவர் இருப்பார், அவருக்கும் கேட்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். கத்தக் கூடாது, ஆனால் கேட்க வேண்டும்.

இருபத்து மூன்று வயதில் இந்தக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். சேலையை மடித்து அட்டைப்பெட்டியில் வைக்கிற வேலை. அங்கே அவர் பெயர் ‘ஏய், புதுசு’. மதியம் தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் மொண்டு குடித்தால் மற்றவர்கள் அன்று பாட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் ஆபரேட்டர் வரவில்லை. யாராவது போனை எடுங்கள் என்று சத்தம் வந்தது. எஸ்தர் எடுத்தார். மறுநாள் கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, “நேத்துப் பேசின அம்மாகிட்ட குடுங்க” என்றார். யார் அந்த அம்மா என்று தேட வேண்டியிருந்தது.

போனில் அவர் அம்மா ஆனார். பிறகு மாடியிலும். இருபத்தாறு வருடம் ஆகிறது.

அந்த வேலையில் எழுதி வைக்காத ஒரு வேலை உண்டு. கட்டடம் ராஜ வீதி திரும்புகிற முனைக்கு அருகில் இருக்கிறது. ஊரில் எந்தக் கோயில் சாமி புறப்பட்டாலும் பெரும்பாலும் அந்த முனையில் திரும்பித்தான் போகும். திரும்பியதும் வாசல் காவலாளி சிட்டிபாபு தன் அறையிலிருந்து ஒன்பது போடுவார்.

“க்கா, திரும்பிடுச்சு.”

முனையிலிருந்து கம்பெனி வாசலுக்குச் சாமி வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் எஸ்தர் எல்லாப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். வரிசையாகச் சொல்ல மாட்டார். முதலில் கோதண்டபாணி. முட்டி வலி. மூன்று மாடி இறங்க அவருக்கு மூன்று நிமிடம் வேண்டும். லிஃப்ட் சேலைக்கட்டுக்கு மட்டும். ஆள் ஏறக் கூடாது. அடுத்தது இரண்டாவது மாடி கலாவதி. ஏழு மாதம். பிறகு ஆர்டர் பிரிவில் கையில் இருக்கிற போனை வைக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர்கள். கடைசியில் இளவட்டங்கள். அவர்கள் படியில் இறங்குவதில்லை, விழுவார்கள். எல்லாரும் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போவார்கள். சாமி வரும்போது எல்லாரும் வாசலில் இருப்பார்கள். ஒருவர்கூட ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

எஸ்தர் போனதில்லை. போனை விட்டு எழுந்தால் யார் எடுப்பது? சாமி கும்பிடுகிற வழக்கமும் அவருக்கு இல்லை. மேளத்தை வைத்து எந்தக் கோயில் என்று சொல்லிவிடுவார். ஊர்வலத்துக்குப் பின்னால் டவுன் பஸ் மாட்டி நிற்கும்போது வாகனத்தின் முதுகைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் ஜோசுவா தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். அவர் கேலி செய்வார். “ஊருக்கெல்லாம் சாமி வருதுன்னு சொல்லிக்கினு இருக்க. ஞாயித்துக்கிழமை சபைக்கு மட்டும் உனக்கு லேட்டு.”

திங்கட்கிழமை மெட்ராசிலிருந்து திரிஷா வந்தாள். போன்களைப் பொருத்திய கம்பெனியின் பெண். லேப்டாப்பும் ஒரு பை நிறைய ஒயரும். இரண்டு நாளாக மாடி மாடியாக ஏறி இறங்கி, ரிசீவரை எடுக்காதீர்கள் என்று மேஜை மேஜையாகச் சொன்னாள். சரி என்றார்கள். சோதனைக்கு அடித்துப் பார்த்தாள். எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எஸ்தரின் டப்பாவிலிருந்து புளிசாதம் சாப்பிட்டாள்.

“ஏன் ஆன்ட்டி எடுக்கறாங்க? நான் இவ்ளோ தூரம் சொல்லிட்டு வரேன்.”

“அடிச்சா எடுக்கணும்மா. எடுக்காம இருந்தா மரியாதை இல்ல.”

“அது ரெகார்டிங் ஆன்ட்டி. அதுக்கு என்ன மரியாதை?”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்? பேசுதே.”

திரிஷா விரலை நக்கிக்கொண்டாள். போர்டின் ஓரத்தில் காலிக்கோ துணி அட்டை போட்ட ஒரு டைரி இருந்தது. கேட்காமலே திறந்தாள். பெயர்கள். பெயருக்கு எதிரே எண்கள். கோதண்டபாணி மூன்று. கலாவதி இரண்டு. அது அடித்து இரண்டரை. வேறு ஒரு பெயருக்கு நேரே ‘இடது காது’.

“இது என்ன?”

“யாரு எத்தினி நிமிஷத்துல எறங்குவாங்கன்னு. சாமிக்கு.”

சாமிக்கு என்றால் என்ன என்று எஸ்தர் விளக்க வேண்டியிருந்தது. திரிஷா முதலில் சிரித்தாள். பிறகு பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள்.

“இதத்தான் ஆன்ட்டி நான் உங்க மானேஜர்கிட்ட மூணு வாரமா கேக்கறேன். ஒரு லிஸ்ட் குடுத்தாரு. அதுல எல்லாரோட பிறந்த தேதியும் இருக்கு. முட்டி வலி இல்ல.”

“முட்டி வலிய யாரு லிஸ்ட்ல போடுவாங்க?”

“நீங்க போட்டிருக்கீங்களே.”

அன்று சாயங்காலம் வரை திரிஷா அந்த டைரியைப் பார்த்து லேப்டாப்பில் எதையோ அடித்தாள். நாற்பத்தாறு போன்களை மூன்று குழுவாகப் பிரித்தாள். மெதுவாக இறங்குகிறவர்கள் ஒன்று. கடைசியில் ஓடுகிறவர்கள் மூன்று. குழுவுக்குக் குழு சில நொடி இடைவெளி. எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கு வந்தால் ஒருத்தரும் இறங்க முடியாது, அந்தப் படி அப்படி. பிறகு போர்டில் ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டினாள்.

“இத அழுத்திட்டு நீங்களே பேசலாம். எல்லார் மேஜைலயும் உங்க குரல் வரும்.”

“சார் ரெகார்டிங்தான் வேணும்னாரு.”

“அவர் சொன்னாரு. நான் வழிதான் சொல்றேன்.”

புதன்கிழமை பத்தரை மணிக்குக் காவலாளி அறையின் விளக்கு எரிந்தது. பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

“க்கா, திரும்பிடுச்சு” என்றார் சிட்டிபாபு. “இன்னிக்குக் கூட்டம் கம்மி. வேகமா வருது.”

எஸ்தர் கோதண்டபாணியின் எண்ணைப் போட விரலை வைத்தார். திரிஷா எதிரே உட்கார்ந்திருந்தாள். சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள்.

அது அவசரத்துக்கு. சாமிக்கு அல்ல. தெரிந்தால் குமரகுரு ஒன்றாம் தேதி வரை காத்திருக்க மாட்டார். எஸ்தர் ஒரு மூச்சு நேரம் யோசித்தார். அழுத்தினார்.

“ரிசீவரை யாரும் எடுக்காதீங்க. எஸ்தர் பேசறேன். சாமி திரும்பிடுச்சு.”

அவ்வளவுதான். கத்தவில்லை. தலைக்கு மேலே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. முதலில் மூன்றாவது மாடியில், மெதுவாக. பிறகு இரண்டாவதில். பிறகு படியில் வெறுங்கால்கள்.

திரிஷா லேப்டாப்பில் நேரம் ஓடவிட்டிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கடைசி ஆள் வாசலைத் தாண்டியபோது நிறுத்தினாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சாமி இன்னும் வரவில்லை. எல்லாரும் வந்து நின்று, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் குமரகுரு. வெறுங்கால். சட்டையின் மேல் பொத்தான் திறந்து, கை கூப்பத் தயாராக. அவர் தறிக்கார வீட்டுப் பிள்ளை. தாத்தா காலத்திலிருந்து அந்த உற்சவத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து வஸ்திரம் போகும். அவரும் மேஜையிலிருந்து எழுந்துதான் வந்திருக்கிறார். போனைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரிஷாவின் கையைப் பார்த்தார்.

“எவ்ளோ?”

“மூணு நிமிஷம் அம்பது செகண்ட் சார்.”

மேளம் கேட்டது. குமரகுரு கும்பிட்டார். சாமி போன பிறகு சொன்னார்.

“வெள்ளிக்கிழமை அவங்களே பேசட்டும். அது முடியட்டும். மத்தத அப்புறம் பாக்கலாம்.”

மற்றது என்றால் கடிதம். திரிஷா இதை வந்து எஸ்தரிடம் அப்படியே சொன்னாள். வெள்ளிக்கிழமை நன்றாக நடந்தால் நாற்காலி இருக்கலாம். நடக்காவிட்டால் வாலாஜாபாத். இரண்டு நாள் எஸ்தர் வீட்டில் சமையல் செய்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “இன்னா, ஜெபமா?” என்று ஜோசுவா கேட்டார். “ரிசீவரை யாரும் எடுக்காதீங்க” என்றார் எஸ்தர்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. காலை உற்சவம் எட்டு மணிக்கே போய்விட்டது. வீதியில் பூக்கூட கிடக்கவில்லை, பெருக்கியிருந்தார்கள். பாண்டியன் பின்புறம் பச்சைப் பலகையின் கீழ் நின்று கையை உயர்த்தினார். குமரகுரு போர்டு அறையின் சன்னலைப் பார்த்துத் தலையசைத்தார்.

“ரிசீவரை யாரும் எடுக்காதீங்க. எஸ்தர் பேசறேன். இது தீ ஒத்திகை. எல்லாரும் எழுந்து பின்வாசல் வழியா ஜெனரேட்டர் ஷெட்டுப் பக்கம் போங்க. செருப்பு போட்டுக்கினு போங்க.”

‘எஸ்தர் பேசறேன்’ என்றபோதே நாற்காலிகள் நகர்ந்துவிட்டன. மீதியை யாரும் இல்லாத மேஜைகளில் போன்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

படியில் கோதண்டபாணி கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டே கேட்டார். “காலையிலதான் போச்சு, அதுக்குள்ள இன்னொண்ணா? இன்னிக்கு எந்த வாகனம்?”

“தெரியல சார்” என்றாள் பின்னால் வந்த கலாவதி. “எஸ்தரக்கா சொன்னாங்க. எறங்குங்க.”

அத்தனை பேரும் முன்வாசலுக்குப் போனார்கள். சிட்டிபாபு வழக்கப்படி கேட்டை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். எல்லாரும் செருப்பில்லாமல் வெயிலில் நின்று வீதி முனையைப் பார்த்தார்கள். ஒரு தண்ணி லாரி வந்தது. போனது.

“சிட்டிபாபு, எங்கப்பா சாமி?”

“நான் இன்னிக்குப் போனே பண்ணல சார்.”

பின்புறம் பாண்டியனும் குமரகுருவும் மட்டும் நின்றிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. நாலு நிமிடம் பார்த்துவிட்டுக் குமரகுரு முன்பக்கம் ஓடினார். பாண்டியன் கட்டடத்துக்குள் நுழைந்து ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். விசிறிகள் சுற்றின. மேஜைக்கடியில் செருப்புகள் இருந்தன. ஆள் இல்லை. கடைசியில் போர்டு அறைக்கு வந்தார்.

எஸ்தர் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன்.

“நீங்க யாரும்மா?”

“ஆபரேட்டர் சார்.”

“கட்டடத்துல தீப்பிடிச்சிருக்கு. தெரியுமா உங்களுக்கு?”

“நான்தான் சார் சொன்னேன்.”

“சொன்னீங்க. சொல்லிட்டு ஏன் உக்காந்திருக்கீங்க?”

“யாராவது கூப்பிட்டுக் கேட்டா சொல்றதுக்கு.”

பாண்டியன் போர்டைப் பார்த்தார். ஒரு விளக்கும் எரியவில்லை.

“கேக்கறதுக்கு உள்ள யாரும் இல்லம்மா” என்றார்.

எஸ்தரும் போர்டைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் சொல்லி எல்லாரும் போன பிறகு இப்படித்தான் அது இருட்டாக இருந்திருக்க வேண்டும். அவர் அதைக் கவனித்ததில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எழுந்து பாண்டியனுக்குப் பின்னால் வாசலுக்குப் போனார்.

சிட்டிபாபுவின் கணக்குப்படி கடைசி ஆள் வந்தது மூன்று நிமிடம் இருபது நொடியில். பாண்டியன் அதைக் குறித்துக்கொண்டார்.

“நேரம் சரி. இடம் தப்பு. பின்னாடி போகச் சொன்னா பின்னாடிதான் போகணும்.”

“இத்தினி வருஷமா முன்னாடிதான் சார் வரோம்” என்றார் கோதண்டபாணி. “காலுக்கு அதான் தெரியும்.”

பாண்டியன் வாசலின் அகலத்தைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். பின்புறம் ஜெனரேட்டரும் டீசல் பீப்பாயும் இருப்பதை நினைத்திருக்க வேண்டும்.

“பலகையை இங்க கொண்டாந்து மாட்டுங்க. அது பிரச்சினை இல்ல. ஆனா ஒருத்தர் உள்ள இருந்தாங்க. அறிவிக்கிறவங்க உள்ளயே இருந்தா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

குமரகுரு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப ரெகார்டிங்கே போட்டுடலாம் சார். ஆளே வேணாம்.”

தரை சுட்டது. ஒரு காலை எடுத்து மறுகாலின் மேல் வைத்து நின்றார்கள்.

“அந்தப் பொண்ணு பேசினா நான் எடுப்பேன்” என்றார் கோதண்டபாணி. “இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

யாரோ சிரித்தார்கள். குமரகுரு சிரிக்கவில்லை.

எஸ்தர் காவலாளி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டை ஒட்டி, கட்டடத்துக்கு வெளியே, ஆறடிக்கு ஆறடி. உள்ளே ஸ்டூலில் ஒரு போன்.

“சார்” என்றார். “சிட்டிபாபு ரூம்ல ஒரு போன் இருக்குது. நம்பர் நூத்தி முப்பது. அதுலேர்ந்து எல்லாருக்கும் பேச முடியுமா?”

கேட்டது குமரகுருவிடம். பதில் திரிஷாவிடமிருந்து வந்தது.

“ரெண்டு நிமிஷ வேலை ஆன்ட்டி. அதுக்குப் பர்மிஷன் குடுக்கணும், அவ்ளோதான்.”

“அங்க உக்காந்தா நான் வெளியிலதானே சார் இருப்பேன்” என்று எஸ்தர் பாண்டியனைக் கேட்டார்.

பாண்டியன் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார்.

“மூணு மணிக்கு இன்னொரு தடவை செய்யுங்க. நான் சாப்பிட்டு வரேன்.”

மூன்று மணிக்கு எஸ்தர் சிட்டிபாபுவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். சிட்டிபாபு கேட்டுக்கு வெளியே நின்று, “இன்னாக்கா, என் வேலைக்கு உலை வெக்கறியா?” என்றார்.

“உன் வேலை கேட்டைத் தொறக்கறது. போய்த் தொற.”

பேசினார். இந்த முறை வாசல் என்றே சொன்னார். அறையின் சிறிய சன்னல் வழியாக முதல் தடவையாக அவர்கள் இறங்கி வருவதைப் பார்த்தார். கோதண்டபாணி இரண்டு கையிலும் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். போட்டுக்கொள்ள நேரம் இல்லையாம், கொண்டுவரச் சொன்னதால் கொண்டுவந்தாராம். கலாவதி டைரியில் இருந்ததைவிட வேகமாக வந்தாள். இளவட்டங்கள் கடைசியில் வந்து முதலில் நின்றார்கள். இருபத்தாறு வருடம் காதால் மட்டும் தெரிந்த இறக்கம் இது.

பாண்டியன் எண்ணினார். எழுபத்து மூன்று. சன்னலைப் பார்த்து எஸ்தரையும் சேர்த்துக்கொண்டார். எழுபத்து நாலு. மூன்று நிமிடம் ஐந்து நொடி. செருப்பு பற்றி ஒரு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் மேலே போன பிறகு குமரகுரு அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே இரண்டாவது ஆளுக்கு இடம் இல்லை.

“தறிக்குப் பாவு நூல் ஓட்டற மாதிரி இங்கயும் அங்கயும் எவ்ளோ நாள் நடப்பீங்க. போர்டையே இங்க மாத்திடலாம்.”

“ஒண்ணாந் தேதி சார்?”

“வாலாஜாபாத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். அந்த லெட்டர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல. கிழிச்சுடறேன்.” மேலே அண்ணாந்து பார்த்தார். “ஒரு ஃபேன் போடணும் இங்க.”

சனிக்கிழமை அரைநாள். எஸ்தர் எட்டே முக்காலுக்கு வந்தார். எலக்ட்ரீஷியன் போர்டைக் காவலாளி அறையில் வைத்து ஒயரைச் சுவரோடு அடித்தார். ஃபேன் மாட்டவில்லை, கொக்கி இல்லை. சிட்டிபாபு தன் டப்பாவையும் குடையையும் மேல் தட்டுக்கு மாற்றினார். கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பலகையை மாட்டினார்கள். திரிஷா பத்து மணி பஸ்ஸில் போனாள். பத்து இருபதுக்குச் சாமி திரும்பியது. சிட்டிபாபு போன் செய்யவில்லை, திரும்பிச் சொன்னார். எஸ்தர் சொன்னார். எல்லாரும் வந்தார்கள். வாகனம் அவர் நினைத்திருந்ததைவிட உயரம் குறைவு. மேளம் நினைத்தபடியே இருந்தது. பதினொன்றரைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆர்டர் பிரிவுக்குக் கொடுத்தார். ஒரு மணிக்குப் பூட்டினார்கள்.